மூன்று மணிக்கு விழிக்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு வயது 34. தாராவியில் பிறந்து வளர்ந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இட்லி வியாபாரம் தொடங்கியவர். இன்றும் வீட்டில் அதுதான் தொழில். நான் அந்தேரியில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். நான்கு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பசியில்லை, ஆறு கிலோ குறைந்துவிட்டேன். வேலையில் தப்புத் தப்பாகச் செய்கிறேன். ஐந்து வயது மகள் மடியில் ஏறினாலும் எரிச்சல் வருகிறது. சில நாள் தூங்கினால் எழாமலே போய்விட்டால் தேவலை என்றும் தோன்றுகிறது. ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஐந்து நிமிடம் பேசிவிட்டு, எஸ்சிடலோபிராமும் குளோனாசெபாமும் சேர்ந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். மூன்று நாள் சாப்பிட்டேன், வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக அட்டை அலமாரியில் இருக்கிறது. மனைவிக்கு முழுதாகத் தெரியாது. "உழைத்தால் சரியாகிவிடும், மனசுக்கு எவனாவது மாத்திரை சாப்பிடுவானா" என்கிறார் அப்பா. அவருக்கு டிபி வந்தபோது ஆறு மாதம் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். இது அப்படி இல்லை, பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்கள். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாத்திரையை எடுக்கட்டுமா, வேண்டாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மும்பை

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த மூன்று மணியைத்தான். இட்லி அவிக்கிற வீட்டில் அந்நேரத்துக்கு விளக்கு எரிவது இயல்பு. அம்மா கொப்பரையை அடுப்பில் ஏற்றியிருப்பார். அப்பா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருப்பார். சைக்கிளில் விற்கப் போகிறவர்கள் வாசலுக்கு வந்திருப்பார்கள். அதன் நடுவே நீங்களும் எழுந்து உட்கார்ந்திருந்தால், பையன் கூடமாட ஒத்தாசை செய்ய எழுந்திருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். வேறு வீடாக இருந்தால் பத்தாம் நாளே யாராவது "ஏன் தூங்குவதில்லை?" என்று கேட்டிருப்பார்கள். உங்களை நான்கு மாதமாக யாரும் கேட்கவில்லை. படிக்கும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது.

அடுத்தது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரி: "எழாமலே போய்விட்டால் தேவலை." என்னிடம் வருகிறவர்களில் பலர் எல்லாவற்றையும் பேசி முடித்து, எழுந்து கதவுவரை போய், அங்கே திரும்பி நின்றுதான் இதைச் சொல்வார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் இதை அந்த மருத்துவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஹிந்தியில் பேசியிருப்பீர்கள். "டென்ஷன், தூக்கம் வரவில்லை" என்பதற்கு மேல் வாய் எழுந்திருக்காது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் ஹிந்தி பேசுகிறவர்களுக்கும் மனசு கெட்டுப்போனதைச் சொல்லத் தமிழ்தான் வரும். முப்பது வருடமாக மும்பையில் இருந்துகொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே மாத்திரையைப் பேசும் முன் இதைப் பேசிவிடுவோம். நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி, எப்போது என்று யோசித்ததுண்டா? இதைக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வருவதில்லை, கேட்டவுடன் பாரம் குறைந்தவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். யோசித்ததுண்டு என்பது உங்கள் பதிலானால், இந்தக் கடிதத்தை இதோடு மடித்து வைத்துவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு இன்றே சயான் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவானாலும் போங்கள். அப்படி இல்லை, வெறும் அலுப்பாகத்தான் தோன்றுகிறது என்றாலும், இன்றிரவு மனைவியிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரைகள் எல்லாம் அவர் கையில் இருக்கட்டும். மூன்று மணிக்கு யாரிடமும் பேச முடியாத நிலை வந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இனி உங்கள் கேள்வி.

மனச்சோர்வைக் கண்டறிய மனநல மருத்துவர்களான நாங்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்ப்போம். அவற்றில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும்; ஐந்தில் ஒன்று மனக்கவலையாகவோ எதிலும் நாட்டமின்மையாகவோ இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடிப்பில்லை, தூக்கமில்லை, பசியும் எடையும் குறைந்துவிட்டன, கணக்கில் கவனம் நிற்கவில்லை, சாவைப் பற்றிய நினைப்பு வருகிறது. கடிதத்திலேயே ஐந்து இருக்கின்றன, இரண்டு வாரத்துக்குப் பதில் நான்கு மாதமாக. நேரில் பார்க்காமல் நான் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் இதைச் சோம்பல் என்றோ, உழைப்பு போதாது என்றோ யாராவது சொன்னால், அவர் சொல்வது தவறு என்று பார்க்காமலே சொல்வேன்.

எல்லா மனச்சோர்வுக்கும் மாத்திரை வேண்டியதில்லை. லேசானதாக இருந்தால் முதலில் பேச்சு சிகிச்சை, உடற்பயிற்சி, தினசரி ஒழுங்கு என்று போவதே சரி. பிரிட்டனின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் லேசான சோர்வுக்கு எடுத்தவுடன் மாத்திரை கொடுக்காதீர்கள் என்றே மருத்துவர்களுக்குச் சொல்கிறது. சண்டை போட்ட மனைவிக்கும், பரீட்சையில் தோற்ற பையனுக்கும் சீட்டெழுதுகிற என் தொழில்காரர்களைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் உங்கள் நிலை அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு, கேட்காமலே குறைந்த ஆறு கிலோ, குழந்தை மடியில் ஏறினாலும் அசையாத மனசு: இந்த மூன்றும் சேர்ந்து வரும்போது பேச்சால் மட்டும் அதை நகர்த்துவது கடினம். பேச்சு உள்ளே போவதற்கே கொஞ்சம் தூக்கமும் கொஞ்சம் தெம்பும் வேண்டுமே. உங்கள் இடத்தில் என் சொந்தத் தம்பி இருந்தால், மருந்தைத் தொடங்கு என்றுதான் சொல்வேன். ஆனால் இப்போது கையில் இருக்கிற சீட்டின்படி, இப்போது கையில் இருக்கிற அரைகுறைத் தகவலோடு தொடங்கச் சொல்ல மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்த ஒரே மாத்திரைக்குள் இரண்டு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஒன்று எஸ்சிடலோபிராம்; மனச்சோர்வுக்கான மருந்து அதுதான். மற்றொன்று குளோனாசெபாம், பதற்றத்தைத் தணித்து, தூக்கத்தை வரவழைப்பது. முதலாவது மெதுவாக வேலை செய்யும், இரண்டாவது அன்றே வேலை செய்யும். நம் நாட்டில் இவ்விரண்டையும் ஒரே மாத்திரையாகச் சேர்த்து எழுதுவது மிகச் சாதாரணம். "பழகிவிட்டால் விட முடியாது" என்று நீங்கள் கேட்டது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது குளோனாசெபாமுக்குப் பொருந்தும் பேச்சு. மாதக்கணக்கில் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அளவைக் கூட்டச் சொல்லும், திடீரென நிறுத்தினால் தூக்கமும் நிம்மதியும் போய் வலிப்புகூட வரலாம். ஆகவேதான் அதை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். எஸ்சிடலோபிராம் அப்படி ஏங்க வைப்பதில்லை. யாரும் இன்னும் ஒன்று வேண்டும் என்று அதைத் தேடி அலைவதில்லை. ஆனால் மாதக்கணக்கில் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் தட்டியது போன்ற உணர்வு வரலாம். சிலருக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். அதனால் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். மருத்துவர்கள் இதைத் தொடங்கும்போதே சொல்ல வேண்டும். பல பேர் சொல்வதில்லை.

இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தால் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைத் தொடர முடியாது. எனவே மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதித் தருவீர்களா? தூக்க மருந்தை எந்தத் தேதியில் நிறுத்துவோம்?" ஒரு நல்ல மருத்துவர் இதற்காகக் கோபப்பட மாட்டார்.

வயிற்றுப் புரட்டலுக்கு வருகிறேன். முதல் வாரத்தில் அது மிகவும் சகஜம். பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குறையும். 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராமில் ஒரு வாரம் தொடங்கலாமா என்று கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் நானும் இதே தவறைச் செய்தேன். சீட்டை எழுதி நீட்டினேன், குமட்டும் என்று சொல்லவில்லை. அந்தப் பெண் நான்காம் நாள் நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் கழித்து, இன்னும் மோசமாகி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சீட்டில் மருந்தின் பெயருக்குக் கீழே, என்னென்ன தொல்லை எப்போது வரும் என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த மருந்தில் தொல்லைதான் முதலில் வரும், பலன் பின்னால் வரும். மூன்று நாளில் நீங்கள் கண்டது முன்பாதியை மட்டும்தான். இரண்டு வாரத்தில் தூக்கமும் பசியும் கொஞ்சம் திரும்பலாம். உங்களுக்கு முன் வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடிப்பார்கள்: "இன்று முகம் பரவாயில்லையே" என்பார்கள். சரியான அளவில் நான்கு வாரமாகியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் மருத்துவர் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ யோசிக்க வேண்டும். முழுப்பலனைத் தீர்மானிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும்.

பலன் எவ்வளவு? இதில் உங்களுக்குச் சர்க்கரை தடவிச் சொல்ல மாட்டேன். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் 522 ஆய்வுகளையும் 1,16,477 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் வந்தது. பார்க்கப்பட்ட 21 மருந்துகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக இருந்தன. ஆனால் வித்தியாசம் மிதமானது. ஏறக்குறைய ஒரு கணக்காகச் சொன்னால், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு ஆறெட்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. மருந்து எடுத்தவர்களில் 40 முதல் 60 பேருக்கு. கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இந்த எண்களை நீங்களே எடைபோடலாம். முதல் மருந்து கேட்காமல் இரண்டாவதற்குப் போகிறவர்கள் நிறைய. அது உங்கள் குறையும் ஆகாது, கடைசிக் கதவும் ஆகாது.

"மூளையில் செரடோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, அதை நிரப்புகிறோம்" என்று சொல்லியிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். சத்துக்குறைவு போல அளந்து நிரப்புகிற விஷயமாக அது இன்றுவரை நிரூபணமாகவில்லை. மருந்து செரடோனின் மீது வேலை செய்கிறது என்பது உறுதி. அதிலிருந்து மனசு எப்படித் தெளிகிறது என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவிடம் சொல்ல ஒரு செய்தி என்னிடம் இருக்கிறது. 1952-இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில், ஸீ வியூ என்ற காசநோய் மருத்துவமனையில் இரண்டு புதிய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று ஐசோநயாசிட், மற்றொன்று அதிலிருந்தே உருவாக்கிய ஐப்ரோநயாசிட். ஐப்ரோநயாசிட் எடுத்தவர்களிடம் மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். வருடக்கணக்கில் படுக்கையில் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், சாப்பாடு கேட்டார்கள், சிரித்தார்கள், கூடத்தில் நடனமாடினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதையே மனச்சோர்வுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஈரலைக் கெடுத்ததால் பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனால் மனச்சோர்வுக்கு மாத்திரை என்ற வழி பிறந்தது அந்த டிபி வார்டில்தான். அதன் உடன்பிறப்பான ஐசோநயாசிட் இன்றும் காசநோய் சிகிச்சையில் இருக்கிறது. உங்கள் கையால் உங்கள் அப்பா ஆறு மாதம் விழுங்கியவற்றில் அதுவும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். "மனசுக்கு எவனாவது மாத்திரை சாப்பிடுவானா" என்று அவர் மறுபடி கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அன்று இருமல் நின்ற இரண்டாம் மாதமே அவர் மாத்திரையை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்கே தெரியும்.

இதிலும் அப்படித்தான். மனசு தெளிந்தவுடன் நிறுத்துவதுதான் பெரிய தவறு. முதல் தடவை வந்த மனச்சோர்வுக்கு, முழுதாகத் தேறிய பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் தொடர வேண்டும். அதற்குமுன் விட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். வாழ்நாள் முழுக்க இல்லை. தொடங்கும் நாளிலேயே முடிக்கும் காலத்தையும் மருத்துவரோடு பேசி வையுங்கள்.

சொல்லக் கூச்சப்படுகிற ஒன்று இருக்கிறது. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும், உச்சம் தள்ளிப் போவதும் இந்த மருந்துகளில் நிறையப் பேருக்கு வருகிறது. ஆண்கள் இதை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். சொன்னால் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். மனைவிக்கு முன்பே தெரிந்திருந்தால் வீண் சந்தேகமும் வராது. தொடங்கிய முதல் சில வாரத்தில் படபடப்போ அமைதியின்மையோ கூடினால், கெட்ட எண்ணம் வலுத்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். உங்கள் வயதிலும் முதல் வாரங்களில் பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைவலி, முதுகுவலிக்கு என்ன மாத்திரை வாங்கிப் போடுகிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இதனுடன் சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். தூக்க மருந்து எடுக்கும் நாட்களில் மது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றை மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். வாழ்க்கையில் எப்போதாவது இதற்கு நேர் எதிராக, தூக்கமே இல்லாமல் துள்ளலோடு, நிறுத்தாமல் பேசிக்கொண்டு, கண்மண் தெரியாமல் செலவு செய்த நாட்கள் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது உண்டா? இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழாகிவிடலாம். தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12, சர்க்கரை ஆகியவற்றுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். எடை இவ்வளவு குறைந்திருக்கும்போது அதைப் பார்க்காமல் விடக் கூடாது. வீட்டில் டிபி இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

அதே மருத்துவரிடம் போவதா? ஐந்து நிமிடம் என்பது உங்களுக்கு வலித்திருக்கிறது. ஆனால் அவர் உங்களைத் தட்டிக் கழித்தார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவருக்குக் கேட்டது "டென்ஷன், தூக்கம்" இரண்டு மட்டுமாக இருக்கலாம். இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒருமுறை மறுபடி போய்ப் பாருங்கள். அப்போதும் ஐந்து நிமிடம்தான் என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேஸ் பேப்பர் (புறநோயாளிச் சீட்டு) எடுத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் செலவு குறைவு. மருந்துகள் மக்கள் மருந்தகங்களில் மலிவாகக் கிடைக்கும். அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. தங்கைக்கு வரன் பார்க்கிற நேரத்தில் தெருவில் பேச்சு வருமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. பெங்களூருவில் உள்ள மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது. தாராவி நைன்டி ஃபீட் ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எதிரே வருகிறவர்களை எண்ணிப் பாருங்கள். வரன் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

பேச்சு சிகிச்சையை மாத்திரைக்குப் போட்டியாக நினைக்காதீர்கள். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வோடு வந்தவர்களிடம், மருத்துவப் படிப்பே இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் ஆறிலிருந்து எட்டுச் சந்திப்புகள் பேசினார்கள். அது நன்றாகப் பலித்தது. 2017-இல் அந்த ஆய்வு வெளியானது. அவர்கள் செய்தது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மனசு வந்த பிறகு செய்வோம் என்று காத்திராமல், சின்னதாக ஒன்றைக் குறித்த நேரத்தில் செய்ய வைத்தார்கள். உங்களுக்கு நான் தருவதும் சின்னதுதான். சனிக்கிழமை காலை மகளை அழைத்துக்கொண்டு, பஸ் டிப்போ எதிரே இருக்கிற மகாராஷ்டிரா நேச்சர் பார்க்குக்குப் போங்கள். இருபது நிமிடம் போதும். ரசிக்க வேண்டாம், சந்தோஷப்பட வேண்டாம், அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். எரிச்சல் வந்தால் திரும்பிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.

நாளைக் காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும்போது, எழுந்து போய் அடுப்பருகே அம்மா பக்கத்தில் உட்காருங்கள். "நான் உதவி செய்ய எழவில்லை அம்மா, எனக்குத் தூக்கம் வரவில்லை, நான்கு மாதமாக" என்று சொல்லுங்கள். அவர் அதற்கு என்ன பதில் சொன்னாலும் சரி.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். வேறொன்றும் எழுதத் தெம்பில்லாவிட்டால், இப்போது எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்பதை மட்டும் எழுதுங்கள்.